ஒண்ணேகால் அடி

சிரிக்கிறேன்னு பயந்துறாத தங்கச்சி. எனக்கு ஒண்ணும் இல்ல. பஸ்ஸுல தனியா உக்காந்து சிரிக்கிறவளப் பாத்தா எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போகத்தான் தோணும், நியாயந்தான். ஆனா தேனி பஸ் ஸ்டாண்டுல இருந்து அடக்கி அடக்கிப் பாக்குறேன், முடியல. நீ உக்காரு. பைய இப்பிடிக் குடு, மடியில வச்சுக்கிறேன். எங்க, திண்டுக்கல்லா? நான் வத்தலக்குண்டுல எறங்கிருவேன். அதுக்குள்ள யார்கிட்டயாச்சும் சொல்லலேன்னா எனக்கு வயிறு வெடிச்சிரும்.

நாங்க தோத்துட்டோம். அதத்தான் சொல்ல வந்தேன்.

இல்ல இல்ல, எலெக்சன் இல்ல. பாஸ்கெட்பால். ஏன் இப்பிடிப் பாக்குற? நான் ஆடுவேன். நாப்பத்தேழு வயசு, ரெண்டு புள்ள பெத்தவ, மூட்டுல தைலம் தேய்க்காட்டித் தூக்கம் வராது, ஆனா ஆடுவேன். பள்ளிக்கூடத்துல ஆடுனேன், காலேஜுல ஒரு வருசம் ஆடுனேன், அப்புறம் கல்யாணம். அதோட பந்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்த இல்லாமப் போச்சு. போன வருசந்தான் நாப்பது வயசுக்கு மேற்பட்ட பொம்பளைகளுக்குன்னு ஒரு லீக் ஆரம்பிச்சாக. எங்க ஊரு அற்புதம் டீச்சர், பி.டி. டீச்சர், அவுக வீடு வீடா வந்து ஆள் தெரட்டுனாக. எனக்கு ரேசன் கடைக்கே வந்துட்டாக. நான் ரேசன் கடையில எடை போடுறவ. நான் பாட்டுக்குச் சீனிய அள்ளித் தராசுல போட்டுக்கிட்டு இருக்கேன், இவுக கூட்டத்த வெலக்கிட்டு வந்து, "தமயந்தி, நாளைக்கிக் காலைல ஆறு மணிக்கிக் கோர்ட்டுக்கு வர்ற"ங்கறாக. வர்றியான்னு கேக்கல, வர்றங்கறாக. பள்ளிக்கூடத்துல நான் அவுககிட்ட அடி வாங்குனவ. முட்டி தன்னால வெறைச்சு நின்னுருச்சு. "சரிங்க டீச்சர்"னுட்டேன். வரிசையில நின்ன பூராச் சனமும் சிரிக்குது.

டீச்சர்தான் கேப்டன். அம்பத்தெட்டு வயசு. இன்னைக்கும் அவுக ஓடுனா பின்னாடி நாம மூச்சு வாங்கணும். பொன்னுத்தாயின்னு ஒருத்தி, மாடு வச்சுப் பால் ஊத்துறவ, ஆறடிக்கு ரெண்டு இஞ்சுதான் கொறைச்சல், அவ ரிங்குக்கு அடியில நிப்பா. அவள யாரும் நகட்ட முடியாது, அவ மாடே நகட்டுனதில்ல. எனக்கு ஓட்டம் வராது. உள்ள போயி முட்டி மோதவும் வராது. அதனால டீச்சர் என்னைய வெளிய நிக்க வச்சு, "நீ எட்ட நின்னு போடு, அது போதும்"னாக.

உனக்குத் தெரியுமோ என்னமோ, ரிங்கச் சுத்தி அரைவட்டமா ஒரு கோடு இருக்கும். அதுக்கு உள்ள நின்னு போட்டா ரெண்டு பாயிண்டு, வெளிய நின்னு போட்டா மூணு. ரிங்கோட நட்டநடுவுல இருந்து அந்தக் கோடு இருபத்திரெண்டடி ரெண்டு இஞ்சு. அந்த ரெண்டு இஞ்சுகூட இப்ப எனக்கு மனப்பாடம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

மொத பதினோரு நாளு ஒண்ணும் விழுகல. ஒண்ணுன்னா ஒண்ணுகூட. போடுவேன், போகும், நல்லா நேராத்தான் போகும், ரிங்குக்கு முன்னாடி வந்து பொத்துன்னு விழுந்துரும். யாரோ கூப்புட்ட மாதிரி கீழ எறங்கிரும். கையில பெலம் இல்லன்னாக டீச்சர்! மாசம் எத்தன மூட்ட அரிசி தூக்குறேன், எனக்கா பெலம் இல்ல? பொன்னுத்தாயி வேற, "மதினி, நீங்க எனக்குப் பாஸ் போடுறீகளா, ரிங்குல போடுறீகளா?"ன்னா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து பாத்திரம் வெளக்கிக்கிட்டே அழுதேன். ஆமா, அழுதேன். இந்த வயசுல ஒரு ஆச வந்துச்சேன்னு அழுதேன்.

எங்க வீட்டுக்காரரு பேரு ரெங்கராசு. அவருதான் தினமும் வண்டியில கொண்டாந்து விட்டுட்டு, ஆட்டம் முடியிற வரைக்கும் சுவத்து மேல உக்காந்திருப்பாரு. பேச மாட்டாரு. கல்யாணம் முடிஞ்சு இருபத்தாறு வருசம் ஆச்சு, அந்த மனுசன் பேசுனதெல்லாம் சேத்து எழுதுனா ஒரு நாப்பது பக்க நோட்டு நெறையாது. குழம்புல உப்பு இல்லேன்னாக்கூடச் சொல்ல மாட்டாரு, எந்திரிச்சுப் போயி உப்பு டப்பாவ எடுத்துட்டு வந்து பக்கத்துல வச்சுக்குவாரு. என்னையக் கூப்புடுறதே "இந்தா"தான். என் பேரு தெரியுமான்னு எனக்கே சந்தேகம்.

ஆனா வேலைன்னு வந்தா அவரு வேற ஆளு. கோடு போடுறதுதான் அவரு வேலை. வீட்டுக்குப் பெயிண்டும் அடிப்பாரு, ஆனா கோடுன்னா அவருதான். கபடிக்கு, வாலிபாலுக்கு, ஓட்டப் பந்தயத்துக்கு, சுத்துவட்டாரத்துல எந்தப் பள்ளிக்கூடத்து மைதானத்துல கோடு இருந்தாலும் அது அவரு கோடு. முப்பது வருசமா ஒரு இஞ்சு பெசகுனதில்ல. "ரெங்கராசு போட்டதா? அப்ப அளக்க வேண்டாம்"னு சொல்லுவாக. அத நான் என் காதால கேட்டிருக்கேன்.

லீக் ஆட்டம் பூரா எங்க ஊருக் கோர்ட்டுலதான்னு முடிவாச்சு. பழைய கோடெல்லாம் அழிஞ்சு கெடந்துச்சா, புதுசாப் போட இவரக் கூப்புட்டாக. நாலு நாளு யாரையும் உள்ள விடல. அஞ்சாம் நாளு போறேன், வெள்ளக்கோடு பளபளன்னு இருக்கு. கோட்டுக்கு வெளிய நின்னு சும்மா ஒண்ணு போட்டேன்.

சளக்!

ஆத்தாடி! வலையில சத்தம் கேக்குது தங்கச்சி, அந்தச் சத்தம் இருபத்தேழு வருசம் கழிச்சுக் கேக்குது. இன்னொண்ணு போட்டேன், சளக். பத்துக்கு ஏழு விழுந்துச்சு. பொன்னுத்தாயி வாயத் தொறந்தவ மூடவே இல்ல. டீச்சர் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுட்டுப் போட்டுக்கிட்டாக. நான் என்ன நெனச்சேன்? முந்தின வாரந்தான் தெனமும் ரெண்டு முட்ட சாப்புட ஆரம்பிச்சிருந்தேன். முட்டதான்னு நெனச்சேன். வீரபாண்டி மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டேன், ஆத்தாதான்னும் நெனச்சேன். அது போக, திறமைன்னு ஒண்ணு ரத்தத்துல இருக்குல்ல, அது எங்க போகும், ஒரு நாளு வெளிய வந்துதானே ஆகணும்னும் நெனச்சேன். இத நான் நாலு பேர்கிட்டச் சொல்லவும் செஞ்சேன்.

அஞ்சு ஆட்டம். அஞ்சுலயும் ஜெயிச்சோம். நான் மட்டும் இருபத்தொரு தடவ மூணு பாயிண்டு போட்டேன். வெளியூர்ல இருந்து வந்தவளுக போட்ட பந்து பூரா ரிங்குக்கு அந்தப் பக்கம் போயி போர்டுல இடிச்சு இடிச்சுத் திரும்புது. கம்பத்துக்காரி ஒருத்தி, நல்லா ஆடுறவ, பாவம், ஒம்பது போட்டா, ஒம்பதும் ரிங்கத் தாண்டிப் போயிருச்சு. கையப் பாத்துக்கிறா, பந்தப் பாத்துக்கிறா. நான் அவகிட்டயே போயி, "அவசரப்படாத தாயி, அளவா விடணும்"னு புத்தி சொன்னேன். சொன்னேன் தங்கச்சி! இப்ப நெனச்சா எனக்கு எங்க போயி மூஞ்சிய வைக்கன்னு தெரியல.

ஊர்ல ஃப்ளெக்ஸ் வச்சாக. பஸ் ஸ்டாப்புல. என் போட்டோ போட்டு, கையில பந்து, பின்னாடி ஒரு சிங்கம். "எட்ட நின்று எறியும் எங்கள் சிங்கமே"ன்னு எழுதி, கீழ எங்க கொழுந்தன், அவன் கூட்டாளிக பன்னெண்டு பேரு போட்டோ. ரேசன் கடைக்கி வர்றவுகல்லாம், "மூணு பாயிண்டு, எனக்கு மொதல்ல அரிசியப் போடு"ன்னாக. அப்பவும் நான் எடையில ஒரு கிராம் கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல. பத்தொம்பது வருசமா அந்தத் தராசுல நிக்கிறேன். ரேசன் கடைன்னாலே எடை கொறையும்னு ஊரே சொல்லும், ஆனா தமயந்தி போட்டான்னா யாரும் வீட்டுல போயி மறு எடை போட மாட்டாக. அதுக்கு மேல எனக்குச் சொத்துன்னு வேற ஒண்ணும் கெடையாது.

இந்தா, பெரியகுளம் தாண்டிருச்சு. கடல மிட்டாய் சாப்புடு. எடுத்துக்க, சும்மா எடு.

அப்புறம் பிளே ஆஃப். திண்டுக்கல்லுல ஒரு காலேஜு உள் அரங்கத்துல. ஜெயிச்சா சென்னையில மாநிலப் போட்டி. டீச்சர் முப்பது வருசமாப் புள்ளைகள மாநிலத்துக்கு அனுப்புனவுக, அவுக ஒரு தடவகூட ஆடிப் போனதில்ல. கால் முட்டிக்கி ஆபரேசன் பண்ணணும்னு டாக்டர் தேதி குடுத்துட்டாரு, இந்த லீக்குக்காகத் தள்ளிப் போட்டிருந்தாக. அடுத்த வருசம் கெடையாது அவுகளுக்கு. அது எங்க எல்லாருக்கும் தெரியும். வண்டியில போறப்ப யாரும் அதப் பேசல, பாட்டுப் பாடிக்கிட்டே போனோம்.

ஆட்டம் ஆரம்பிச்சுச்சு. டீச்சர் எனக்குப் பந்து குடுத்தாக. போட்டேன். பொத்து.

சரி, மொதப் பந்து, கை சூடேறல. ரெண்டாவது, பொத்து. மூணாவது வலையத் தொட்டுச்சு, வெளிப்பக்கமா. நானும் யோசிக்கிறேன், மேல ஃபேன் சுத்துது, அந்தக் காத்தா? தரை மரத் தரை, அது வழுக்குதா? பந்து புதுப் பந்து, அது கனமா? எதுக்க ஆடுன டீமு திண்டுக்கல்லுக்காரிக, ஒருத்தி வாயில சூயிங்கம் மென்னுக்கிட்டே என்னையப் பாக்குறா, அவ கண்ணா? காலேஜுப் புள்ளைக நாங்க எட்ட நின்னு போடுறதையெல்லாம் எண்ண ஆரம்பிச்சிருச்சுக. "ஆறு! ஏழு! எட்டு!"ன்னு கோரஸாக் கத்துதுக. பன்னெண்டுக்குக் கை தட்டுதுக. மொத்தம் டீமாச் சேந்து இருபத்தி மூணு போட்டோம். அதுல பதினேழு நான்.

விட்டுட்டு உள்ள போயிருக்கலாம்ல? போக மாட்டேன்ல நான்! சிங்கம்ல!

ஒண்ணே ஒண்ணு விழுந்துச்சு எனக்கு. பழக்க தோசத்துல நான் எப்பவும் நிக்கிற தூரத்துல நின்னு போட்டேன், சளக்குன்னு விழுந்துச்சு, குதிக்கிறேன், டீச்சரக் கட்டிப் பிடிக்கிறேன், அம்பயரு ரெண்டு வெரலக் காட்டுறாரு. கால் கோட்டுக்கு உள்ளயாம்! நல்லா ஒரு அடி உள்ளயாம்! நான் அவருகிட்டப் போயிச் சண்ட போட்டேன். "எனக்குக் கோட்டப் பத்திச் சொல்லாதீங்க சார், எங்க வீட்டுக்காரரே கோடு போடுறவரு"ன்னு சத்தம் போட்டேன். இவரு அந்தா மேல கேலரியில உக்காந்திருக்காரு, தலையத் தூக்கவே இல்ல.

நாப்பதுக்கு முப்பத்தெட்டு. ரெண்டே ரெண்டு பாயிண்டு. கடைசிப் பந்து எங்கிட்டத்தான் வந்துச்சு. கோட்டுக்கு வெளிய நின்னேன், மூணு விழுந்தா நாங்க ஜெயிச்சோம். பொன்னுத்தாயி ரிங்குக்குக் கீழ கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறா, யாரும் அவ பக்கத்துல இல்ல. நான் போட்டேன். அது ரிங்கையும் தொடல, வலையையும் தொடல, பொன்னுத்தாயி தலையில விழுந்துச்சு.

சிரி, பரவாயில்ல. நானும் சிரிக்கிறேன்ல. அன்னைக்குச் சிரிக்கல. வண்டியில திரும்பி வர்றப்ப டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி முட்டியத் தடவிக்கிட்டே வந்தாக. எங்கள ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மறுநாளு காலைல டீச்சர் அளவு நாடாவ எடுத்துக்கிட்டு எங்க ஊருக் கோர்ட்டுக்கு வந்துட்டாக. அவுக மூளையே மூளை. ராத்திரி பூரா யோசிச்சிருக்காக, நேரா நேராப் போயிக் கொறையுதே, அத்தனையும் ஒரே மாதிரி கொறையுதேன்னு. எங்க எல்லாரையும் வச்சுக்கிட்டு அளந்தாக. இந்தப் பக்கம் ஒண்ணேகால் அடி கொறைச்சல். அந்தப் பக்கம் போயி அளந்தாக, அங்கயும் ஒண்ணேகால் அடி கொறைச்சல்.

இவரு சுவத்து மேல உக்காந்திருந்தாரு. டீச்சர், "ரெங்கராசு, இங்க வாப்பா"ன்னாக. வந்தாரு. "என்னப்பா இது?"ன்னாக. இவரு கோட்டப் பாத்துக்கிட்டே சொல்றாரு: "கயித்த ரிங்கு நடுவுல இருந்து பிடிக்கணும் டீச்சர். போர்டுல இருந்து பிடிச்சுட்டேன். என் தப்புத்தான்."

போர்டுக்கும் ரிங்கு நடுவுக்கும் சரியா ஒண்ணேகால் அடி. கணக்குச் சரியாப் போச்சா, எல்லாரும் நம்பிட்டாக. அற்புதம் டீச்சர் நாடாவச் சுத்திக்கிட்டுப் போயிட்டாக. பேசுனது யாரு தெரியுமா? நான். நான்தான் கத்துனேன். "முப்பது வருசமா என்னத்தக் கோடு போட்டீக? கண்ணு அவிஞ்சா போச்சு? டீச்சர் பொழப்புல மண்ணப் போட்டீகளே!"ன்னு நடுக்கோர்ட்டுல நின்னு, பொன்னுத்தாயி வந்து என் வாயப் பொத்துற வரைக்கும் கத்துனேன். இவரு நின்னு கேட்டுக்கிட்டாரு.

ஊருன்னா சும்மா இருக்குமா? "பொண்டாட்டி சீனில கொறைப்பா, புருசன் கோட்டுல கொறைப்பான்"னு டீக்கடையில ஒருத்தன் சொல்லியிருக்கான். ரெண்டு நாளுல ரெண்டு பள்ளிக்கூடத்துல இருந்து போன் வந்துச்சு, "அண்ணே, இந்த வருசம் வேற ஆளப் பாத்துக்கிறோம்"னு. ஒரு காலேஜுல புதுக் கோர்ட்டு, அட்வான்ஸே குடுத்திருந்தாக, அதையும் வேணாம்னுட்டாக. பி.டி. சாருகளுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப்பு இருக்காம், அதுல பூரா இதுதானாம். இவரு போன வச்சுட்டு வெளிய போயி பிரஷக் கழுவுனாரு. ஏற்கெனவே கழுவுன பிரஷு. நான் அப்பவும் எறங்கி வரலயே! மூணு நாளு ஆறிப்போன ரசத்தத்தான் ஊத்துனேன்.

முந்தாநாளு சாயங்காலம். கோவம் அடங்கல எனக்கு. அவரு சாமான் பையத் தொறந்து அந்தக் கயித்த எடுத்தேன், அடுப்புல போட்டுருவோம்னு. முப்பது வருசக் கயிறு, பெயிண்டு பட்டுப் பட்டுக் குச்சி மாதிரி இருக்கும். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு முடிச்சுப் போட்டு வச்சிருப்பாரு. மடக்கி மடக்கிச் சுத்துறேன். இந்த மூணு பாயிண்டுக் கோட்டுக்கு ஒரு முடிச்சு, கருகருன்னு, இத்துப் போயி. அதுக்கு முன்னாடி கையில இன்னொரு முடிச்சு தட்டுப்படுது. புது முடிச்சு. வெள்ளப் பெயிண்டு மட்டுந்தான் பட்டிருக்கு. நான் எடை போடுறவ தங்கச்சி, கை அளவு எனக்குத் தெரியும். முழம் போட்டுப் பாத்தேன். ரெண்டு முடிச்சுக்கும் நடுவுல ஒண்ணேகால் அடி.

தெரியாமப் போர்டுல இருந்து பிடிச்சவரு எதுக்குத் தனியா முடிச்சுப் போடணும்? சொல்லு.

கயித்தக் கொண்டு போயி அவரு முன்னாடி போட்டேன். பாத்தாரு. "சோத்தப் போடு"ன்னாரு. "சொல்லுங்க, அப்புறந்தான் சோறு"ன்னேன். கொஞ்ச நேரம் கயித்த எடுத்து முடிச்ச நிமிண்டிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் சொன்னாரு. அப்பிடியே சொல்றேன் கேளு, ஒரு வார்த்த கூட்டல:

"பதினோரு நாளு பாத்தேன். தெனமும் ஒண்ணேகால் அடி கொறைஞ்சுச்சு. நீ பாத்திரம் வெளக்குற எடத்துல அழுத. உன்னால கூட்ட முடியல. என்னால கொறைக்க முடியும்ல, தமயந்தி."

தமயந்தின்னாரு தங்கச்சி! என் பேரச் சொன்னாரு!

எனக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல, சிரிப்பு வந்துருச்சு. உக்காந்து சிரிக்கிறேன், படுத்துச் சிரிக்கிறேன், அடுப்புல சோறு அடிப்பிடிச்சுப் போச்சு, நாத்தம் வந்து பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாக்குறா. இருபத்தாறு வருசமா ஒரு முழம் பூ வாங்கிக் குடுக்காத மனுசன், எனக்காகக் கோட்ட நகட்டி வச்சிருக்காரு! எந்தப் பொண்டாட்டிக்கு எந்தப் புருசன் இப்பிடிச் செஞ்சிருக்கான்? நகை வாங்குவான், சேல வாங்குவான், கோட்ட நகட்டுவானா? மாட்டிக்கிட்டப்பவும் பாரு, பொய் சொல்றதுலயும் அளவு பெசகல, போர்டுக்கும் ரிங்குக்கும் சரியாப் பொருந்துற மாதிரி சொல்லியிருக்காரு. அதுக்கு ஒரு தடவ தனியாச் சிரிச்சேன். மூணு நாளு ஆறுன ரசத்தையும் பேசாமக் குடிச்சாரேன்னு நெனச்சுக் கொஞ்சம் அழுகவும் செஞ்சேன்.

மெதுவாப் பேசு, மெதுவா. அந்தா பின்னாடி, கடைசிக்கு முந்துன சீட்டுல, வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குறாருல்ல, ஊதாச் சட்ட? அவருதான். திரும்பாத! சரி, பாத்துட்டியா? நல்லாத்தான் இருக்காருல்ல?

எங்க போறோம்னு அவருக்குத் தெரியாது. கூட வாங்கன்னேன், வந்துட்டாரு. ஏன்னு கேக்குற பழக்கமே கெடையாது. நாங்க டீச்சர் வீட்டுக்குப் போறோம். லீவு நாளுல அவுக வத்தலக்குண்டுல மக வீட்டுல இருப்பாக. போயி உண்மையச் சொல்லலாம்னுதான் நேத்து பூரா நெனச்சேன். ஆனா யோசிச்சுப் பாரு. உண்மையச் சொன்னா என்ன ஆகும்? "ரெங்கராசு வேணும்னே கொறைச்சான்"னு ஆகும். தப்பா அளந்தவனையாச்சும் அடுத்த வருசம் மறந்துட்டுக் கூப்புடுவாக, வேணும்னு செஞ்சவனக் கூப்புடுவாகளா? அதனால நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். நான்தான் கொறைக்கச் சொன்னேன்னு சொல்லப் போறேன். நான்தான் அவரு காலச் சுத்திச் சுத்தி நச்சரிச்சேன், மாட்டேன் மாட்டேன்னாரு, நான்தான் விடல. அவரு அளவு தப்பல, கேட்ட அளவக் கேட்டபடி போட்டுக் குடுத்தாரு. அப்பிடின்னா என்ன சொல்லுவாக? "பாவம்ப்பா, பொண்டாட்டி பேச்சக் கேட்டுட்டான்"னு விட்டுருவாக. நாட்டுல எந்த ஆம்பள பொண்டாட்டி பேச்சக் கேக்கல? பி.டி. சாருக பூராக் கேக்குறவுகதான்.

எனக்கா? எனக்கு என்ன ஆகும்னு கேக்குறியா.

டீமுல இருந்து தூக்கிருவாக. அது நிச்சயம். கம்பத்துக்காரிக்கெல்லாம் தெரிஞ்சா என்ன சொல்லுவாளோ, அவகிட்ட வேற புத்தி சொன்னேன். ரேசன் கடையில, "கோட்டக் கொறைச்சவ, எடையக் கொறைக்க மாட்டாளா?"ன்னு கேப்பாக. வீட்டுக்குப் போயி மறு எடை போடுவாக. பத்தொம்பது வருசத்துல ஒருத்தரும் போட்டதில்ல. பயமாத்தான் இருக்கு. பயமில்லேன்னு சொன்னா அது பொய்.

டீச்சர நெனச்சாத்தான் இன்னும் கஷ்டமா இருக்கு. அவுக முட்டியோட அவுக ஆச போச்சு. நான் என்ன சொன்னாலும் அது திரும்பி வராது. கால்ல விழுந்துருவேன். விழுந்தா எந்திரிக்க எனக்கு ஆள் வேணும், அது வேற விசயம்.

ஆனா ஒண்ணு சொல்லட்டா? நேத்து காலைல, சரியான அளவுல மறுபடியும் கோடு போட்டாரு. டீச்சர் போடச் சொல்லியிருந்தாக, கூலி வாங்காமப் போட்டாரு. காஞ்சதும் நான் போயி வெளிய நின்னேன். இருபத்திரெண்டடி ரெண்டு இஞ்சு. பத்துப் போட்டேன். எட்டு பொத்து. ரெண்டு விழுந்துச்சு தங்கச்சி! யாரும் நகட்டிக் குடுக்காம, நானா போட்ட ரெண்டு! இவரு சுவத்து மேல இருந்து எறங்கி வந்து, "கொஞ்சம் கிட்ட..."ன்னு ஆரம்பிச்சாரு. "கோட்டுல கைய வச்சீக, கைய ஒடிச்சிருவேன்"ன்னேன். சிரிச்சாரு. பல்லு தெரியச் சிரிச்சாரு. அந்தப் பக்கம் ஒரு பல்லு விழுந்திருக்கு, எப்ப விழுந்துச்சுன்னு எனக்கே தெரியல.

தேவதானப்பட்டி போயி எம்புட்டு நேரம் ஆச்சு? ஆத்தி, வந்துருச்சா! அந்தா வத்தலக்குண்டு. இரு இரு, ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிறேன், நீதான் டீச்சர். "டீச்சர், அவரு மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் கொறைக்கச் சொன்னேன்." நம்புற மாதிரி இருக்கா? சிரிப்பு வருதா? எனக்கும் வருது, அதான் பயமா இருக்கு. மூஞ்சிய எப்பிடி வைக்கட்டும், இப்பிடியா? சரி.

இந்தா உன் பையி. நல்லாப் போயிட்டு வா தாயி.

ஏங்க! ஏங்க, எந்திரிங்க, எறங்கணும். கண்டக்டரண்ணே, ஆள் எறங்குது, இருங்க! மெதுவா வாங்க, வேட்டி தட்டுது. என்னது? ஆமா, டீச்சர் வீட்டுக்குத்தான். எதுக்கா? எல்லாத்தையும் சொல்லத்தான். வேணாமா? நீங்க சொன்னது சொன்னதாவே இருக்கட்டுமா? உங்க பேரு கெட்டாலும் பரவாயில்லயா? பேசாம எறங்குங்க. கோடு போட்டீகல்ல, அது உங்க அளவு. இன்னைக்கு நான் சொல்றதுதான் அளவு.